பெயர் இல்லாத செடி: கண்ட இடத்திலிருந்து அச்சேறும் வரை

காட்டுப் பாதையில் பூத்திருக்கும் ஒரு செடிக்கு உடன் வந்தவர் யாராலும் பெயர் சொல்ல முடியவில்லை என்றால், "இது புதுசோ?" என்று மனம் துள்ளும். துள்ளட்டும். ஆனால் பெரும்பாலும் அது ஏற்கெனவே யாரோ பறித்து, அழுத்தி, தாளில் தைத்து, பெயர் எழுதி அலமாரியில் வைத்த செடியாகத்தான் இருக்கும். நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்படியிருந்தும் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 2,000 தாவரங்கள் முதல்முறையாக அறிவியல் பெயர் பெறுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மட்டும் ஆண்டு தவறாமல் சில வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே ஆசைக்கு இடம் உண்டு. அந்த ஆசையை எப்படிச் சோதிப்பது, தேறினால் எப்படி முறைப்படி எழுதுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். காட்டில் கிடைப்பது சந்தேகம் மட்டுமே. அந்தச் சந்தேகம் தீர்வது ஹெர்பேரியம் என்னும் உலர்செடிக் காப்பகத்தில், உலர்ந்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் மேசையில். இதை ஏற்றுக்கொள்ளாதவர்கள் எழுதிய ‘புதிய சிற்றினங்கள்’ பல, ஐந்தாறு ஆண்டுகளில் பழைய பெயர்களுக்குள் கரைந்து போயிருக்கின்றன.

இரண்டு உண்மைக் கதைகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிக் பெண்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. பாலை நிலம். 2024 மார்ச்சில் அங்கே ஒரு தன்னார்வலரும் ஒரு பூங்காப் பணியாளரும் கற்களுக்கு இடையே, தரையோடு தரையாக, வெள்ளைப் பஞ்சு ரோமம் போர்த்த சின்னஞ்சிறு செடியைப் பார்த்தார்கள். சில சென்டிமீட்டர் அகலம்தான். தெரிந்தவர்களிடம் கேட்டார்கள், புத்தகங்களைப் புரட்டினார்கள், படத்தை ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளத்தில் ஏற்றினார்கள். ஒருவராலும் பெயர் சொல்ல முடியவில்லை. தாவரவியலாளர்கள் மாதிரி எடுத்து, பழைய ஹெர்பேரியத் தாள்களோடு ஒப்பிட்டு, டிஎன்ஏவையும் சோதித்தார்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் அது புதிய சிற்றினம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று தெரிந்தது. 2025 பிப்ரவரியில் ‘ஃபைட்டோகீஸ்’ இதழில் ‘ஓவிகுலா பைரேடியாட்டா’ என்ற பெயரில் வெளிவந்தது. கண்டதிலிருந்து அச்சேறியது வரை ஓராண்டுக்கும் குறைவு. இவ்வளவு வேகம் அபூர்வம்.

எதிர்ப்பக்கம் இன்னொரு கதை. லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் ஹெர்பேரியத்தில் பொலிவியாவிலிருந்து 1845இல் எடுத்துவரப்பட்ட ராட்சத அல்லி ஒன்றின் மாதிரி கிடந்தது. அமேசான் அல்லி, அதாவது ‘விக்டோரியா அமேசானிகா’ என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதே தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு இது வேறு செடி என்ற சந்தேகம் நெடுநாளாக இருந்தது. 2016இல் பொலிவியத் தோட்டங்கள் விதை கொடுத்தன. ஏற்கெனவே தெரிந்த இரண்டு வகை ராட்சத அல்லிகளோடு இதையும் அருகருகே வளர்த்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு பிடிபட்டது. 2022இல் ‘விக்டோரியா பொலிவியானா’ என்று பெயரிட்டார்கள். இலை மூன்று மீட்டருக்கும் மேல் விரியும் செடி! 177 ஆண்டுகள் அலமாரியில், வேறொரு பெயரில், எல்லோர் கண்முன்னும் இருந்திருக்கிறது.

இரண்டாவது கதைதான் வழக்கமானது. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புதிதாக விவரிக்கப்பட்ட பூக்கும் தாவரங்களின் வரலாற்றைக் கணக்கெடுத்தது. முதல் மாதிரி எடுத்து ஐந்து ஆண்டுக்குள் பெயர் பெற்றவை 16 சதவீதம்தான். ஏறக்குறைய கால்வாசி, 50 ஆண்டுக்கும் பழைய மாதிரிகளை வைத்து விவரிக்கப்பட்டவை. புதிய செடியைத் தேடி மலையேற முடியாதவர்கள் கோயம்புத்தூர் ஹெர்பேரியத்துக்குப் பஸ் ஏறினாலே போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில் சந்தேகப்பட வேண்டியவை

செடி புதிது என்று சொல்வதற்கு முன் வேறு சில சாத்தியங்களை ஒவ்வொன்றாகத் தள்ளியாக வேண்டும்.

தெரிந்த செடியே வேறு கோலத்தில் நிற்கலாம். சோலைக்குள் நிழலில் இலை அகன்று மெல்லியதாக இருக்கும். அதே செடி காற்றடிக்கும் முகட்டில் குட்டையாக, தடித்த இலையோடு நிற்கும். வெட்டிய மரத்தின் அடியிலிருந்து துளிர்க்கும் கிளைகளின் இலை, முதிர்ந்த கிளையின் இலையைப் போலவே இருக்காது. ஆகவே ஒரே ஒரு செடியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அந்தப் பகுதியில் பத்திருபது செடிகளையாவது பாருங்கள். ‘வேறுபாடு’ எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாறுகிறதா என்று கவனியுங்கள். படிப்படியாக மாறினால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்தது.

வெளிநாட்டுச் செடியாக இருக்கலாம். நீலகிரியிலும் பழனி மலையிலும் தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டில் குடியேறிய தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலிய, ஐரோப்பியச் செடிகள் ஏராளம். சாலையோரம், தேயிலைத் தோட்ட விளிம்பு, அணைக்கட்டு, ரயில்பாதை ஆகிய இடங்களில் ‘புதிய’ செடி கண்டால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும். பார்த்தீனியம் இந்தியாவில் 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டபோது அதுவும் யாருக்கும் தெரியாத செடிதான். மெக்சிகோ பக்கத்தில் அதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பெயர் இருந்தது.

இரண்டு சிற்றினங்கள் கலந்த கலப்பினமாக இருக்கலாம். இரு பெற்றோரும் அருகிலேயே வளர்ந்து, உங்கள் செடி எல்லா வகையிலும் இரண்டுக்கும் நடுவில் நின்றால், மகரந்தத்தை நுண்ணோக்கியில் பாருங்கள். பெரும்பகுதி சுருங்கிக் கிடந்தால் கலப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இலங்கையிலோ அசாமிலோ மியான்மரிலோ தெரிந்த செடி, இங்கே முதல்முறை தென்பட்டிருக்கலாம். அகத்தியமலையிலும் இலங்கையின் ஈரமலைகளிலும் பொதுவான செடிகள் பல. இதற்குப் ‘புதிய பதிவு’ என்று பெயர். ஏமாற்றமாகக் கொள்ள வேண்டாம். தனியே கட்டுரையாக எழுதத் தகுந்த செய்திதான் இதுவும்.

கடைசியாக, மிகவும் வழுக்கலான இடம்: புதைந்துபோன பழைய பெயர். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஒருவர் இதே செடிக்குப் பெயர் வைத்திருப்பார். பின்னால் வந்தவர், "இதெல்லாம் அதே செடிதான்" என்று வேறொரு பெயருக்குக் கீழே அதைத் தள்ளியிருப்பார். உங்கள் செடி தனிச் சிற்றினம் என்பது உண்மையானாலும், அதற்குரிய பெயர் அந்தப் பழைய பெயர்தான். நீங்கள் அதை மீட்டெடுக்கலாம். புதிதாகச் சூட்ட முடியாது. அவசரக்காரர்கள் அதிகம் விழும் குழி இதுவே.

காட்டில் செய்ய வேண்டியது

அனுமதி இல்லாமல் கைவைக்காதீர்கள். காப்புக்காட்டில் ஒரு கிளை ஒடிப்பதற்கும் வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி. தனியாகப் போய்க் கேட்பதைவிட, அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையோடு சேர்ந்து கேட்பது எளிது. அனுமதி கிடைக்கும் வரை படமும் குறிப்பும் எடுங்கள். அதற்குத் தடையில்லை, பொதுமக்களுக்கு அனுமதி உள்ள பாதையை விட்டு விலகாத வரை.

படம் எடுக்கும்போது பூவின் அழகு முகத்தை மட்டும் எடுப்பது நம்மவர் வழக்கம். அது ஃபேஸ்புக்குக்கு ஆகும், ஆய்வுக்கு ஆகாது. செடி நிற்கும் இடம், முழுச்செடி, தண்டின் அடி, இலைகள் அமைந்த முறை, இலையின் மேற்புறமும் அடிப்புறமும், மொட்டு, பூ முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பின்னிருந்தும், நெடுக்கே பிளந்த பூ, காய், விதை. ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோல் பக்கத்தில் இருக்க வேண்டும். இலையின் அடிப்புறத்தை எடுக்காத படத்தை வைத்துக்கொண்டு நிபுணரிடம் போனால், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

குறிப்பேடு படத்தைவிட முக்கியம். உலர்ந்த தாளில் தெரியாத எல்லாம் அதில் இருக்க வேண்டும். "மலையில், ஓடை அருகே, ஊதாப் பூ" என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. கற்பனையாக ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "சோலை விளிம்பு, ஓடையிலிருந்து நாலடி தள்ளி, நீர் கசியும் பாறை முகம், கிழக்கு நோக்கியது. உயரம் 1,640 மீட்டர். படர்ந்து நுனி நிமிரும் செடி, 25 செ.மீ. வரை. தண்டு சிவப்பு, ஒடித்தால் தெளிந்த நீர், பால் இல்லை. இதழ் வெளிர் ஊதா, தொண்டையில் மஞ்சள் கோடு இரண்டு. மணமில்லை. காலை பத்து மணிக்குச் சிறு தேனீ வந்தது. சுமார் அறுபது செடி. காய் பிடித்தவை குறைவு." கூடவே ஜிபிஎஸ் இடக்குறிப்பு, தேதி, உடன் வந்தவர் பெயர். அங்கு வாழும் மக்கள் அந்தச் செடிக்கு ஒரு பெயர் வைத்திருந்தால், சொன்னவரின் சம்மதத்தோடு அவர் சொன்ன ஒலியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். காணிக்காரர்களும் இருளர்களும் குறும்பர்களும் பிரித்தறியும் செடிகளைத் தாவரவியல் பின்னால் வந்துதான் பிரித்தறிந்தது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. வழிகாட்டியாக வந்தவருக்குக் கூலி கொடுத்ததோடு கடமை முடிந்துவிட்டதாக எண்ணுவது நம் துறையின் பழைய வியாதி. செடியைக் காட்டியவர் அவர் என்றால் கட்டுரையில் அவர் பெயர் வர வேண்டும்.

ஒவ்வொரு சேகரிப்புக்கும் ஒரு எண் கொடுங்கள். உங்கள் பெயரும் அந்த எண்ணும் சேர்ந்துதான் அந்த மாதிரிக்கு நிரந்தர அடையாளம். வாழ்நாள் முழுக்க ஒரே வரிசை. புதுவருடம் பிறந்தது என்று ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கக்கூடாது.

எவ்வளவு எடுக்கலாம்? இருபது செடிக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்பது களத்தில் பலர் கடைப்பிடிக்கும் கணக்கு. அதற்கும் குறைவாக இருந்தால் வேரோடு பிடுங்காமல் ஒரு பூங்கிளை மட்டும். ஐந்தே ஐந்து செடிதான் என்றால் படத்தோடு திரும்பி வந்து, அடுத்த பருவத்தில் சுற்றுப்புறத்தைத் தேடுவதே முறை. பூவோ காயோ இல்லாத கிளையை எடுத்து வராதீர்கள். குறிஞ்சிப் பேரினமான ஸ்ட்ரோபிலாந்தஸில் இது பெரிய சிக்கல்: பல சிற்றினங்கள் பல ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும், நீலக்குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு. பூக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இலையை வைத்துப் பெயர் சூட்டியவர்கள் பட்ட பாடு நூல்களில் இருக்கிறது.

அழுத்தி உலர்த்துவதற்குப் பழைய நாளிதழ், அட்டை, இரண்டு மரப்பலகை, இறுக்கக் கயிறு போதும். வழவழப்பான வார இதழ்த் தாள் ஈரத்தை உறிஞ்சாது. முதல் சில நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் முகாமில் எதுவும் உலராது. அப்போது தாளுக்குள் வைத்த செடிகளைக் கட்டி, ஸ்பிரிட் ஊற்றி நனைத்து, பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடிக் கொண்டுவந்து ஊரில் உலர்த்துவார்கள். நிறம் போய்விடும், இலை உதிராது. ஓர் இலையாவது அடிப்புறம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். சில பூக்களைத் தனியாகச் சாராயக் குப்பியில் போடுங்கள். டிஎன்ஏ சோதனைக்காக இளந்துளிர் ஒன்றைச் சிலிக்கா ஜெல் பையில் இடுங்கள்.

காட்டுக் காசித்தும்பைகளுக்கு இந்தக் குப்பி இல்லாமல் ஆகவே ஆகாது. அழுத்தினால் அந்தப் பூ ஈரக் காகிதம் போல ஒட்டிச் சுருண்டுவிடும். பிறகு எது இதழ், எது புல்லி என்று பிரிக்க முடியாது. ஏழு தொகுதி இந்தியத் தாவர நூலை எழுதி முடித்த ஜோசப் டால்டன் ஹூக்கர், தொண்ணூறு வயதைக் கடந்தும் அந்தப் பேரினத்தின் உலர்ந்த பூக்களோடு மல்லாடிக்கொண்டிருந்தார். காசித்தும்பை கண்டால் பூவின் ஒவ்வொரு உறுப்பையும் அங்கேயே பிரித்து, அட்டையில் தனித்தனியாகப் பரப்பிப் படமெடுத்துவிடுங்கள்.

ஹெர்பேரிய மேசை

இனித்தான் உண்மையான வேலை. தமிழ்நாட்டுச் செடி என்றால் முதல் நூல் கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த ‘சென்னை மாகாணத் தாவரங்கள்’, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. நூறாண்டு ஆகிவிட்டதே என்று ஒதுக்காதீர்கள். அதன் அடையாளத் திறவுகோல்கள் இன்றும் வேலை செய்கின்றன. அடுத்து, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தில் இருந்து கே.எம். மேத்யூ எழுதிய தமிழகச் சமவெளித் தாவர நூல்களும் பழனி மலைத் தாவர நூலும். அதன்பின் அந்தப் பேரினத்தைப் பற்றி யாராவது முழுமையாக எழுதிய தனிநூலோ கட்டுரையோ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

திறவுகோலில் இரண்டு பக்கமும் பொருந்தாமல் செடி நடுவில் நின்றுவிட்டால், ஹெர்பேரியத்துக்குக் கிளம்பலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கும் ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ தென்னிந்தியச் செடிகளுக்கு மிக முக்கியமான இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் தொடங்கிக் கோவைக்கு வந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்று, உங்கள் மாதிரியோடு போங்கள். வெளியிலிருந்து வரும் மாதிரியைப் பூச்சி பரவாமல் இருக்கக் குளிர்பெட்டியில் வைத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அதற்கான நாட்களைக் கணக்கில் வையுங்கள். பழைய தாள்களில் பாதரச நஞ்சு பூசியிருப்பார்கள் என்பதால் பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நெருங்கிய சிற்றினங்களின் தாள்கள் அத்தனையையும் மேசையில் பரப்பி, அவற்றுக்கு நடுவே உங்களுடையதை வையுங்கள். அலமாரியில் ‘அடையாளம் தெரியாதவை’ என்று கட்டி வைத்த கட்டையும் மறக்காமல் அவிழ்த்துப் பாருங்கள். உங்கள் செடியை 1930இல் எவரோ எடுத்து அதற்குள் போட்டிருக்கலாம்.

இங்கே ‘டைப்’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சிற்றினப் பெயரும் ஒரே ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. பெயர் எதைக் குறிக்கிறது என்ற வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வது அந்தத் தாள்தான். நூலில் உள்ள வர்ணனை அல்ல. தென்னிந்தியச் செடிகள் பலவற்றின் டைப் மாதிரிகள் லண்டன், எடின்பரோ, பாரிஸ் ஹெர்பேரியங்களில் இருக்கின்றன. முன்பு கப்பலில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலானவற்றின் படங்கள் இணையத்தில் இருக்கின்றன. நெருங்கிய சிற்றினங்களின் டைப் மாதிரியைப் பார்க்காமல் ஒருவர் புதிய சிற்றினம் எழுதினால் அதை நான் நம்புவதில்லை.

வேறுபாடு எத்தனை வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நிறம் மட்டும் போதாது. அளவு மட்டும் என்றாலும் போதாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பண்புகள், அதிலும் பூ, காய், விதையில், எல்லாச் செடியிலும் மாறாமல் இருந்தால் துணிந்து எழுதலாம். டிஎன்ஏ ஆதாரம் பெயரிடும் சட்டத்துக்குத் தேவையில்லை. இதழின் மதிப்பீட்டாளர் கேட்கக்கூடும், இருந்தால் வலு.

எழுதும் முறை

தாவரப் பெயர்களுக்குச் சர்வதேசச் சட்டம் ஒன்று உண்டு. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் தாவரவியல் மாநாட்டில் திருத்தப்படும். கடைசியாக 2024இல் மாட்ரிட்டில் கூடியது. அதில் உங்களுக்கு வேண்டிய பகுதி சிறியதுதான், ஆனால் ஒன்றைத் தவறவிட்டாலும் பெயர் செல்லாது.

1935இலிருந்து 2011 முடிய புதிய செடியை லத்தீனில் விவரித்தால்தான் செல்லும். 2012 ஜனவரி 1 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம். தமிழில் எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் சட்டப்படி கணக்கில் வராது. ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழிலும் தனியாக எழுதுங்கள், ஊர்க்காரர்கள் படிக்கட்டும்.

விவரிப்பின் உயிர், தொடக்கத்தில் வரும் வேறுபாட்டுக் குறிப்பு. நெருங்கிய சிற்றினத்திலிருந்து இது எங்கே விலகுகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். கற்பனையான ஒரு காசித்தும்பைக்கு: "இன்ன சிற்றினத்தை ஒத்தது; ஆனால் தேன்வால் 4–6 மி.மீ. நீளமே (அதில் 15–20 மி.மீ.), இலையின் அடிப்புறம் வழுவழுப்பு (அதில் அடர்ந்த ரோமம்), சூற்பையில் ரோமம் உண்டு (அதில் இல்லை)." இவ்வளவுதான். ‘அழகிய’, ‘பெரிய’, ‘அபூர்வமான’ போன்ற சொற்களுக்கு இங்கே வேலையில்லை.

அதன்பின் முழு வர்ணனை: செடியின் தோற்றம், தண்டு, இலை, பூங்கொத்து, பூவில் வெளியிலிருந்து உள்ளே புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம், பிறகு காய், விதை. அளவுகள் பல செடிகளில் எடுத்தவையாக, குறைந்ததும் கூடியதும் சேர்த்து இருக்க வேண்டும். வினைச்சொல் இல்லாத தந்தி நடை. படிக்கச் சுவையில்லை, ஆனால் அடுத்த நூற்றாண்டில் ஒருவர் உங்கள் செடியைத் தேடும்போது இதைத்தான் கையில் வைத்திருப்பார்.

கோட்டோவியம் ஒன்று கட்டாயம் வையுங்கள். புகைப்படத்தில் தெரியாத ரோமமும் மடிப்பும் கோட்டில் தெரியும். தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெருநூல்கள் இன்றும் பயன்படுவதற்கு அவரிடம் பணிபுரிந்த ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்களின் கைதான் பெருங்காரணம்.

டைப் குறிப்பிடும் வரிதான் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம். ஒரே ஒரு மாதிரி, ஒரே ஒரு ஹெர்பேரியம். யார் எடுத்தது, எண், தேதி, இடம், எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது எல்லாம் சொல்லி, ‘ஹோலோடைப்’ என்ற சொல்லையும் எழுத வேண்டும். 1990 முதல் ‘டைப்’ அல்லது ‘ஹோலோடைப்’ என்ற சொல்லும் ஹெர்பேரியத்தின் பெயரும் இல்லாவிட்டால் பெயர் செல்லாது. அதே சேகரிப்பின் மற்ற படிகள் ‘ஐசோடைப்’. அவற்றை வேறு ஹெர்பேரியங்களுக்குக் கொடுங்கள், ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும். புகைப்படம் ஹோலோடைப் ஆகாது. 2007 முதல் பூக்கும் செடிக்கு மாதிரிதான் வேண்டும். இந்தியாவில் இதற்கு மேலும் ஒரு கடமை உண்டு: 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி, புதிய சிற்றினம் கண்டவர் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். தாவரங்களுக்கான அத்தகைய காப்பகங்களில் ஒன்று இந்தியத் தாவரவியல் ஆய்வகம்.

பெயர்

இடத்தின் பெயர், பண்பின் பெயர், மனிதர் பெயர், மக்கள் வழங்கும் பெயர் எதுவும் ஆகலாம். மனிதர் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இறுதி எழுத்து வேறு. பண்புப் பெயர் என்றால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப முடிய வேண்டும். அதே பேரினத்தில் அதே பெயரை யாராவது ஏற்கெனவே வைத்திருந்தால் உங்களுடையது தள்ளுபடி. சர்வதேசத் தாவரப் பெயர்ப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் துறையில் சிரிப்பார்கள்.

யாரையாவது கௌரவிப்பதற்குப் பேரினப் பெயரைத் தேடாதீர்கள் என்பது என் கருத்து. கோவை மையத்தைச் சேர்ந்த இருவர் 1978இல் அகத்தியமலைப் பகுதிச் செடி ஒன்றைப் புதிய பேரினமாகக் கண்டு, தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரால் ‘ஜானகியா அராயல்பத்ரா’ என்று எழுதினார்கள். பிறகு அது மாகாளிக் கிழங்கின் பேரினமான டெக்காலெப்பிஸில் சேர்க்கப்பட்டது. ‘அராயல்பத்ரா’ நிலைத்தது, ‘ஜானகியா’ வழக்கொழிந்தது. ஓவியர் கோவிந்து பெயரால் வைட் அமைத்த ‘கோவிந்தூயா’ ஆர்க்கிட் பேரினத்துக்கும் இதே கதிதான். தப்பியவையும் உண்டு: காப்பிக் குடும்பத்தில் ‘தமிழ்நாடியா’ என்ற பேரினம் 1979 முதல் இருக்கிறது.

அச்சும் அதற்குப் பிறகும்

நாளிதழில் படத்தோடு செய்தி வந்தாலும் பெயர் பிறந்துவிடாது. முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதினாலும் பெரும்பாலும் அப்படித்தான். அச்சு இதழில் வர வேண்டும், அல்லது ஐஎஸ்எஸ்என் எண் உள்ள மின்னிதழில் பிடிஎஃப் வடிவில் வர வேண்டும். ‘ரீடியா’, ‘நெலும்போ’ போன்ற இந்திய இதழ்கள் இருக்கின்றன. ‘ஃபைட்டோடாக்ஸா’, ‘கியூ புல்லட்டின்’ போன்றவை வெளியில். கட்டணம் கேட்டு, ஒரே வாரத்தில் ஏற்றுக்கொள்ளும் இதழ்களை நெருங்காதீர்கள். அச்சாகும் முன் பெயரை மேடையில் சொல்லாமல் இருப்பதும் நல்லது.

இடத்தைத் துல்லியமாக வெளியிடலாமா என்பதை ஒவ்வொரு செடிக்கும் தனியாக முடிவு செய்யுங்கள். வியட்நாமில் 1999இல் விவரிக்கப்பட்ட ‘பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ்’ என்ற ஆர்க்கிடைச் சேகரிப்பாளர்கள் சூறையாடியதில் சில ஆண்டுக்குள் காட்டில் அது ஏறக்குறைய இல்லாமல் போனது. ஆர்க்கிட், பூச்சியுண்ணும் செடி, பாறைக் கள்ளி போன்றவை என்றால் கட்டுரையில் மலைத்தொடரின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, துல்லிய இடத்தை ஹெர்பேரியத்துக்கும் வனத்துறைக்கும் மட்டும் கொடுங்கள். இதழாசிரியர்கள் இதை ஏற்கிறார்கள்.

அழிவு நிலையை மதிப்பிடும்போது, ஓரிடத்தில் மட்டும் பார்த்தோம் என்பதற்காக உடனே ‘மிக ஆபத்தான நிலை’ என்று எழுதிவிடாதீர்கள். சுற்றிலும் தேடினீர்களா, எத்தனை இடத்தில், எந்தப் பருவத்தில் என்று எழுதுங்கள். தேடாவிட்டால் ‘போதிய தரவு இல்லை’ என்பதே நேர்மையான வகை. அதேநேரம், இன்னும் பெயரிடப்படாத தாவரங்களில் நான்கில் மூன்று அழிவை எதிர்நோக்கியவையாக இருக்கலாம் என்று கியூ 2023இல் கணித்தது. தேடுவதைத் தள்ளிப்போடவும் முடியாது.

கட்டுரை வந்ததும் ஒரு படியை அந்த வனச்சரகர் அலுவலகத்துக்கும் ஒரு படியை, தமிழ் விவரிப்போடு, செடியைக் காட்டிய ஊருக்கும் கொடுங்கள். அடுத்த பருவத்தில் அதே இடத்துக்குப் போய்ச் செடிகளை எண்ணி, எண்ணிக்கையைத் தேதியோடு ஹெர்பேரியத்துக்கு எழுதி அனுப்புங்கள். ஹோலோடைப் தாளோடு அந்தக் கடிதத்தையும் கோப்பில் வைப்பார்கள்.